கொரியாவில் 10 வாரம் மொழிப் படிப்பு: 3 லட்சம் செலவழித்துப் போகலாமா?

இலைக்கணக்கு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் சும்மா படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல் பதிவு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 24, பி.காம். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். யார் எத்தனை கிலோ இலை கொண்டுவந்தார், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பட்டுவாடா, அவ்வளவுதான் வேலை. வீட்டில் படுக மொழி, ரோட்டில் தமிழ், ஆபீஸ் தாளில் ஆங்கிலம். இதற்கு நடுவே இரண்டு வருடமாகக் கொரிய மொழிப் பைத்தியம். நாடகம் பார்த்துத்தான் ஆரம்பித்தது, மறைக்க என்ன இருக்கிறது? எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "சாப்பிட்டீங்களா", "இது எவ்வளவு" என்கிற அளவுக்கு வாய் வரும். அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

சியோலில் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற 10 வாரப் படிப்புக்குப் போகலாம் என்று இருக்கிறேன். எப்படிக் கூட்டினாலும் 3 லட்சம் வருகிறது. கையில் 1.9 இருக்கிறது, மீதிக்கு நகைக்கடன். அப்பா திட்டவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பத்து வாரத்தில் ஒரு பாஷை வந்துடுமா? முப்பது வருஷமா நம்ம ஹட்டிக்கு (படுகர் ஊர்) எதிரே கடை வச்சிருக்கிறவருக்கே நம்ம பாஷை வரலையே." பதில் சொல்லத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஏஜெண்ட் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி 40,000 கேட்கிறார். டிசம்பரில் தொடங்கும் வகுப்பில் சேரச் சொல்கிறார். டிசம்பர், ஜனவரி என்றால் ஹெத்தையம்மன் திருவிழா. அதற்கு நான் வீட்டில் இல்லையென்றால் பாட்டி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். போய் வந்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்லட்டி36 (ஊட்டி, இப்போது புசான்)

தாராளமாகப் போங்கள். நான் எழுத்துகூடத் தெரியாமல்தான் வந்தேன். வீட்டில் உட்கார்ந்து நாமாகப் படித்தால் உச்சரிப்பு தப்பாகப் பதிந்துவிடும், பிறகு எந்த டீச்சராலும் அதைப் பிடுங்க முடியாது. வெற்றுப் பலகையாக வருவதே நல்லது என்பது என் கட்சி.

ஆனால் சியோல்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். புசானில் கட்டணமும் அறை வாடகையும் குறைவு, கடலும் இருக்கிறது. ஒரே சிக்கல், வகுப்பில் சொல்லித் தருவது சியோல் கொரியன், வெளியே வந்தால் மீன் மார்க்கெட் பாட்டிகள் பேசுவது வேறு. "ஏன்" என்பதற்குப் புத்தகத்தில் "வே", இங்கே "வா". சாப்பிட்டாயா என்று கேட்கப் புத்தகத்தில் ஒரு முழு வாக்கியம், இங்கே "பாம் முன்னா?" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை பேரம் பேசப் போனவன் மாதிரி முதல் மாதம் முழுக்க முழித்தேன். இரண்டாம் மாதம் பழகிவிட்டது.

நீங்கள் சைவமா? அப்படியென்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர்கள் ஊறுகாயான கிம்ச்சியிலேயே பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும்.

அப்புறம் ஒன்று. தமிழும் கொரியனும் ஒரே குடும்பம், ஆயிரக்கணக்கான சொற்கள் ஒன்று என்கிறார்களே, அது உண்மையில் உதவும். அம்மா, அப்பா, நான், நீ எல்லாம் ஏறத்தாழ அப்படியே வருகிறது!

குன்னூர்_ரயில் (குன்னூர்)

தங்கச்சி, நீ என்றே எழுதுகிறேன், எனக்கு 32 ஆகிறது. வீடு குன்னூர், வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், கொரிய மொழிபெயர்ப்பாளர். மாதம் ஒருமுறை நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து மேலே வருகிறேன். நீ கேட்கிற அந்தப் பத்து வாரத்தை நான் செய்து பார்த்தவள், அதுவும் தப்பான வரிசையில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

முதலில் அப்பாவுக்குப் பதில். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு நிலைகள். ஒரு நிலைக்குப் பத்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு நாலு மணி நேரம், ஆக 200 மணி. ஆறையும் முடித்தவர்தான் ஓரளவு மொழி வந்தவர். அப்படியானால் பத்து வாரத்தில் வருவது ஆறில் ஒரு பங்கு. அது எந்த ஆறில் ஒன்று என்பதில்தான் உன் 3 லட்சத்தின் விதி இருக்கிறது.

நான் 2018 டிசம்பரில் போனேன், கல்லட்டி தம்பி சொல்கிற வெற்றுப் பலகையாக. நிலை பார்க்கும் தேர்வில் என் பெயரை எழுதிவிட்டு மீதியை வெள்ளையாகக் கொடுத்தேன். முதல் நிலையில் போட்டார்கள். முதல் இரண்டு வாரம் எழுத்து, "இது நாற்காலி", "அது ஜன்னல்", "நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்". இதற்கா விமானம் ஏறினாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன், இந்த நாற்காலியைக் குன்னூர் பெட்ஃபோர்டில் உட்கார்ந்தே படித்திருக்கலாம். பத்து வாரம் முடிந்தபோது முதல் நிலை தேறிய சான்றிதழ், வங்கிக் கடன், சாப்பாடு ஆர்டர் செய்கிற அளவு கொரியன், மூன்றும் கையில் இருந்தன. வாய் திறக்கிற பக்குவம் வந்த அந்த வாரம்தான் திரும்புகிற டிக்கெட்.

பிறகு 2021இல், கொரோனாவால் பல பல்கலைக்கழகங்கள் அதே வகுப்பை இணையத்தில் நடத்தின. அங்கே காலை 9 என்றால் நமக்கு 5.30. டிசம்பர் காலை 5.30க்குக் குன்னூரில் எழுந்து உட்காருவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அடுக்களை மேடையில் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் அம்மா கடுங்காப்பி ஆற்றிக்கொண்டிருக்க, "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தால் புகையாக வருகிறது. டீச்சர் அதைக் கேமராவில் பார்த்துவிட்டு, "நீங்கள் இருப்பது இந்தியாதானே?" என்று கேட்டார். அவருக்கு இந்தியா என்றால் வெயில். உதகை, குன்னூர், உறைபனி என்று என் அரைகுறை கொரியனில் விளக்கினேன். அன்றைக்குப் பேசியதுதான் என் முதல் உண்மையான கொரிய உரையாடல், நடந்தது எங்கள் வீட்டு அடுக்களையில்.

அப்படி இரண்டாம் நிலையை வீட்டிலேயே முடித்துவிட்டு 2023 ஜூலையில் ஐந்து வாரப் படிப்புக்குப் போனேன், நேராக மூன்றாம் நிலை. அந்த ஐந்து வாரம் எனக்குத் தந்ததை முதல் பத்து வாரம் தரவில்லை. காரணம் வகுப்பு அல்ல, மதியம்தான். வகுப்பு ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊரே பள்ளிக்கூடம், ஆனால் அந்தப் பள்ளியில் சேரக் கொஞ்சமாவது காது வேண்டும். முதல் தடவை மதியங்களை அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியே கழித்தேன். இரண்டாவது தடவை தினமும் ஒரு காய்கறிச் சந்தை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, பூண்டு, கேரட் எல்லாம் நம் ஊர்ச் சரக்கு, அதனால் எனக்குப் பேச விஷயம் இருந்தது. ஒரு அம்மா பூண்டை உரித்துக்கொண்டே நம் ஊரில் பூண்டு எப்போது போடுவோம், எப்போது எடுப்போம் என்று விசாரித்தார். நான் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கையை நிறுத்தாமலே திருத்தினார். அவருக்குக் கட்டணம் ஏதுமில்லை.

அதனால் என் முடிவு: போ, ஆனால் முதல் நிலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போ. கிங் செஜோங் இன்ஸ்டிடியூட் இணையத்தில் இலவசமாகவே பாடம் தருகிறது. சென்னையில் இன்கோ சென்டர் என்கிற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் 2006லிருந்து இருக்கிறது. ஆசிரியர் காது கொஞ்சம் வேண்டும் என்கிற அளவில் தம்பி சொல்வது சரிதான். அதற்காக உச்சரிப்பு கெட்டுவிடும் என்று பயந்து நாற்காலி, ஜன்னலுக்கு லட்சம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் "ஒரே குடும்பம்" விஷயம். 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்கிற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை ஏற்பதில்லை. அம்மாவும் அப்பாவும் உலகத்தில் பாதி மொழிகளில் இப்படித்தான் இருக்கும், குழந்தை வாயில் முதலில் வருகிற சத்தம் அது. ஆனால் சொற்களை விடு, வாக்கியம் கட்டுகிற விதத்தில் நமக்கு அங்கே ஒரு கொடை இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

ஒருநாள் வகுப்பில் "மொகொ ப்வாயோ" வந்தது. மொக்தா என்றால் சாப்பிடு, பொதா என்றால் பார். சாப்பிட்டுப் பார்! டீச்சர் பாவம், பலகையில் ஒரு தட்டு, ஒரு வாய், ஒரு கேள்விக்குறி எல்லாம் வரைந்து இருபது நிமிடம் விளக்கினார். என் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பையன் "எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் முதல் நொடியிலேயே எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மாதிரி "ஹே ஜுசேயோ", செய்து கொடுங்கள். கொடு என்கிற வினை அங்கேயும் அப்படியே உதவிக்கு வந்து நிற்கிறது. எழுதி வை என்பதற்கு எழுது, வை, இரண்டும் அதே வரிசையில். "கா பொர்யொஸ்ஸொ" என்றால் போய்விட்டான். அதில் வருகிற பொரிதா தனியாக நின்றால் எறி, வீசு என்று பொருள். "சொல்லித் தொலை" என்கிறோமே, அந்த மாதிரி ஒரு அலுப்போ வருத்தமோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம் புத்தகத்தில் விதி விதியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்து மலைக்காதே, மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார், பாதி ஓடிவிடும். படுக மொழியிலும் வினைதான் கடைசியில் வரும், இல்லையா? உனக்கு இரண்டு பக்கமும் துணை.

எழுத்திலும் அப்படித்தான். நாம் ஒரே "க"வைக் கல்லில் ஒரு மாதிரியும் மகனில் ஒரு மாதிரியும் சொல்கிறோம். அவர்களுக்கும் ஒரே எழுத்து, சொல் முதலில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம். "ஹப்நிதா" என்று எழுதி "ஹம்நிதா" என்று வாசிப்பார்கள், மற்றவர்களுக்கு ஏன் என்று புரியாது. நமக்குக் கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை.

இத்தனை கொடை இருந்தும் நான் விழுந்த இடம் ஒன்று இருக்கிறது. முதல் தடவை தங்கியிருந்த கோஷிவோனில் (ஒற்றை ஆள் அறை, இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும், ஜன்னல் வேண்டுமென்றால் வாடகை கூட) அதை நடத்தும் அம்மாவிடம் ஒரு ராத்திரி பேச்சுக் கொடுக்கலாம் என்று, "நிலா அழகாக இருக்கிறது" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "அப்படியா, எத்தனை வயது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "போட்டோ இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வி. பிறகுதான் தெரிந்தது, நான் சொன்னது "மகள் அழகாக இருக்கிறாள்".

நிலா, மகள், முகமூடி, மூன்றும் நம் காதுக்கு "தால்" தான். ஒன்று மூச்சோடு மெத்தென்று தாழ்ந்த குரலில், ஒன்று தொண்டையை இறுக்கி, ஒன்று காற்றை ஊதி. நாம் சாதாரணமாகச் சொல்கிற "த" அவர்கள் காதில் இறுக்கின "த்த" வாக விழுகிறது. அதனால் தமிழர் வாயில் நிலா எல்லாம் மகளாகிவிடும். இதற்கு மட்டும் ஆசிரியர் வேண்டும், வாரம் ஒருமுறை யாராவது கொரியர் காதில் போட்டுத் திருத்திக்கொண்டாலே போதும். அந்த அம்மா நான் கிளம்புகிற வரை "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஊட்டியிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோன வர்க்கி அங்கே போவதற்குள் மாவாகிவிட்டது, அதையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

நீ கணக்கு எழுதுகிறவள், அதனால் எண்ணும் உன்னைப் படுத்தும். அவர்களுக்கு அடிப்படை ஆயிரம், லட்சம் இல்லை, மான் என்கிற பத்தாயிரம். பத்து மான் ஒரு லட்சம், நூறு மான் பத்து லட்சம், ஆயிரம் மான் ஒரு கோடி. எல்லாமே மனக்கணக்குதான். போதாததற்கு எண்ணே இரண்டு வகை. மூன்றரை மணி என்றால் மூன்று அவர்கள் சொந்த எண்ணில், முப்பது நிமிடம் சீன வழி எண்ணில், ஒரே மூச்சில்.

செலவு: ஆயிரம் வோனுக்கு 60 ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொள். சியோலில் பெயர்பெற்ற இடங்களில் பத்து வாரத்துக்கு ஏறத்தாழ 17, 18 லட்சம் வோன், நம் பணத்தில் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. கோஷிவோன் மாதம் 4, 5 லட்சம் வோன், பெரும்பாலும் சோறும் கிம்ச்சியும் பொதுச் சமையலறையில் இருக்கும். சென்னையிலிருந்து நேர் விமானம் எனக்குக் கிடைக்கவில்லை, வழியில் ஒரு மாற்றம். உன் 3 லட்சம் சரியான கணக்குதான், ஆனால் அதில் சாப்பாட்டுக்குத் தாராளம் இல்லை.

ஏஜெண்ட் வேண்டாம். எனக்கும் முதல் தடவை ஒருவர் வாய்த்தார். 35,000 வாங்கிக்கொண்டு, நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தையே திரும்பத் தட்டச்சு செய்தார், அதிலும் பாஸ்போர்ட் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அதைத் திருத்த நான்தான் மின்னஞ்சல் எழுதி அலைந்தேன். பல்கலைக்கழகத் தளத்தில் நேராக விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத்தில் எழுதினால் பதில் வரும். 90 நாளுக்குள் முடிகிற படிப்புக்குச் சில இடங்களில் சி-3 விசாவுக்குக் கடிதம் தருவார்கள், நீண்ட படிப்புக்கு டி-4. உனக்கு எது என்று கட்டணம் கட்டும் முன் அவர்களிடமே கேட்டுவிடு. பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் முத்திரை) கேட்டால் அதற்கே சில வாரம் ஓடும். போன இடத்தில் பகுதிநேர வேலை பார்த்துச் செலவை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. டி-4இல் போனாலும் முதல் ஆறு மாதம் அனுமதி கிடையாது.

கொடைப்பூண்டு (கொடைக்கானல்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடன் வாங்குவதற்கு முன் கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையையும் பாருங்கள். முதுகலைக்குப் போகிறவர்களுக்கு முதல் ஒரு வருடம் மொழிப் படிப்பும் அதிலேயே வந்துவிடும், விமானச் செலவும் மாதப் பணமும் தருவார்கள். அந்த வருடத்துக்குள் டோபிக் என்கிற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேற வேண்டும். போட்டி கடுமைதான். என் மாமா பையன் இரண்டு தடவை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் போடக் கட்டணம் இல்லை.

இலைக்கணக்கு (கோத்தகிரி)

அக்கா, இரண்டு தடவை படித்தேன். நிலா கதையைப் பாட்டிக்குப் படுக மொழியில் சொன்னேன், சிரித்துவிட்டு "அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ டீத்தூள் அனுப்பு" என்கிறாள்.

ஜிகேஎஸ் பற்றிச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, அதைத் தனியாகப் பார்க்கிறேன். முதுகலை இப்போதைக்கு யோசிக்கவில்லை.

ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே 25,000க்கு இறங்கினார், அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கேள்வி மட்டும். டிசம்பர் இல்லையென்றால் எப்போது? மார்ச்சில் போனால் ஏப்ரல், மே இங்கே இலை வரத்து அதிகம், முதலாளி விடமாட்டார். ஜூனில் சேரட்டுமா? இன்னொன்று, திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா? அப்பா வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்பது அதுதான்.

குன்னூர்_ரயில் (குன்னூர்)

ஜூன் வேண்டாம், தயவுசெய்து. எல்லோரும் உன்னைக் குளிரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சியோல் ஜனவரி பத்து டிகிரி மைனஸ் வரை போகும்தான், ஆனால் வீட்டுக்குள்ளே தரையே சூடாக இருக்கும், ஓண்டோல் என்பார்கள். நாம் வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வளர்ந்தவர்கள், நமக்கு அது சொர்க்கம். நமக்கு ஆகாதது கோடை. ஜூன் கடைசியிலிருந்து ஒரு மாதம் ஜாங்மா என்கிற அடைமழை, அது முடிந்ததும் ராத்திரியிலும் இறங்காத புழுக்கம். 2023இல் அந்த ஐந்து வாரத்தில் நான் வகுப்பில் கற்றதைவிட வியர்த்தது அதிகம். கோத்தகிரி உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. செப்டம்பரில் தொடங்குவது நவம்பரில் முடியும், இலையுதிர் காலம், வெயிலும் இல்லை குளிரும் இல்லை. பாட்டிக்கும் திருவிழாவுக்கு நீ வீட்டில் இருப்பாய். செப்டம்பர், அக்டோபரிலும் இலை வரத்து உண்டு என்று நீ சொல்வாய். முதலாளியிடம் இப்போதே பேசு, ஒரு வருடம் முன்பே கேட்டால் யாரும் அவ்வளவு எளிதாக மறுக்க மாட்டார்கள்.

வேலைக்கு வருகிறேன். பத்து வாரச் சான்றிதழைக் காட்டினால் வேலை கிடைக்காது. எங்கள் இடத்தில் அதை யாரும் கேட்டதே இல்லை, கேட்பது டோபிக். முதல் தாள் 200 மதிப்பெண்ணுக்கு, 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டு. அதை வைத்து ஒன்றும் ஆகாது, மனதுக்குத் தெம்பு அவ்வளவுதான். இரண்டாம் தாள் 300க்கு, 150 எடுத்தால் நான்காம் நிலை, அங்கேதான் கதவு திறக்கும். நான் நான்காம் நிலை எடுத்த பிறகுதான் இந்த வேலை. மதிப்பெண் செல்லுபடியாவது இரண்டு வருடம், அதனால் சீக்கிரமாக எழுதி வைத்துக்கொள்ளவும் முடியாது.

அப்பாவிடம் உள்ளதைச் சொல். முதல் வருடம் வீடு, அடுத்து பத்து வாரம் அங்கே, பிறகு மறுபடியும் ஒரு வருடம் வீடு. இரண்டேகால் வருடக் கணக்கு. நீ வேலையை விட வேண்டியதில்லை, நகையை வைக்க வேண்டியதும் இல்லாமல் போகலாம், அதற்குள் மீதி 1.1ஐ நீயே சேர்த்துவிடுவாய். காலையில் 5.30க்கு எழுந்து உட்கார முடிகிறதா என்று மட்டும் ஒரு மாதம் பார். அது முடியவில்லை என்றால் சியோலில் 9 மணிக்கும் முடியாது, என்னோடு படித்த இரண்டு பேர் தேர்வில் நன்றாக எழுதியும் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனதால் தேறவில்லை.

கல்லட்டி தம்பி, கோபித்துக்கொள்ளாதே.

கல்லட்டி36 (ஊட்டி, இப்போது புசான்)

கோபம் எல்லாம் இல்லை அக்கா. நேற்று கடையில் வேண்டுமென்றே "நிலா அழகாக இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தேன். "யாருடைய மகள்?" என்றார்கள். மூன்று வருடம் ஆகிறது நான் இங்கே வந்து.

இலைக்கணக்கு (கோத்தகிரி)

அக்கா, இன்று ஐந்தாவது நாள். 5.30க்கு எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு வருகிறது. அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டேன். இன்று காலை பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே தோட்டத்தில் காட்டெருமை மூன்று, ஒன்று குட்டி. அசையாமல் உட்கார்ந்திருந்தேன், வாயசைக்கவும் பயம், "திரும்பச் சொல்லவும்" என்று அந்தப் பதிவு டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். காட்டெருமைக்குக் கொரியனில் என்ன?

குன்னூர்_ரயில் (குன்னூர்)

துல்சோ. துல் என்றால் வெட்டவெளி, வயல். சோ என்றால் மாடு. "து"வை இறுக்காதே, மெத்தென்று சொல்.